கதவில்லாத செடி

ஈரலைத் துண்டு போட்டு ஈரப் பாறையில் ஒட்டி வைத்த மாதிரி ஒரு செடி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது. கிணற்றுப் படியிலோ வாய்க்கால் மதகிலோ பச்சையாக எது ஒட்டியிருந்தாலும் அது பாசிதான். வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவர்கள் மட்டும் அதைக் கொஞ்ச நேரம் கவனித்துத் திட்டுவார்கள். பாடப்புத்தகக்காரர்களுக்கு அது ஈரல் செடி. அந்த வகையில் பரீட்சைக்குத் தவறாமல் வருவது மார்கான்ஷியா. நான் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பாசி மேடம். முதல் வருஷம் அழுகை வந்தது. அப்புறம் விட்டுவிட்டேன். என் வாய்க்கு நாயுருவி என்று வைக்காமல் விட்டார்களே, அதுவே பெரிசு.

இந்தச் செடிக்கு வேர் இல்லை, தண்டு இல்லை, இலையும் இல்லை. “அப்ப என்னதான் மேடம் இருக்கு?” என்று வருஷா வருஷம் ஒரு பிள்ளை கேட்கும். உடம்பு இருக்கிறது, அவ்வளவுதான். அந்த உடம்புக்கு தாலஸ் என்று பெயர். நாடா மாதிரித் தட்டையாகத் தரையோடு படர்ந்து கிடக்கும். அடியில் மயிர்போல வேரிழைகள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீரை மேலே கொண்டுபோக உள்ளே குழாய் எதுவும் கிடையாது. பட்ட இடத்திலேயே குடித்துக்கொள்ளும். மேல்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால், கோலத்துக்குக் கட்டம் போட்டுக் கட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தது போலத் தெரியும். அந்தப் புள்ளிதான் காற்றுத் துளை.

மற்றச் செடிகளின் இலையிலும் துளை உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் காவல் செல்கள் நிற்கும். வெயில் ஏறினால், தண்ணீர் குறைந்தால், மூடிக்கொள்ளும். மார்கான்ஷியாவுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. திறந்தது திறந்தபடிதான். ஈரம் இருக்கிறவரை கவலையில்லை. வறட்சி வந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அந்த வாசல் வழியாகவே போய்விடும். வகுப்பில் இதைச் சொல்லும்போது கதவில்லாத வீடு என்பேன். ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் இதையே சொன்னபோது என் தோழி சிரித்தாள். “அது நீங்கதான்க்கா. மனசுல ஒண்ணும் நிக்காது, எல்லாத்தையும் கொட்டிருவீக” என்றாள். அன்றைக்கு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் எரிகிறது.

தோழி என்று இன்னும் கை தானாக எழுதுகிறது. எங்கள் துறையில் ஆசிரியைகள் நாங்கள் இரண்டே பேர், எங்களுக்கு மேலே துறைத் தலைவர். ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிட இரண்டு வயது இளையவள் என்பதால் அக்கா என்பாள். நான் சின்னமனூரில் பஸ் ஏறுவேன், அவள் எனக்கு முந்தைய நிறுத்தத்தில் ஏறி ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். எட்டு வருஷம் அந்த ஜன்னல் என்னுடையதாக இருந்தது. என் டிபனில் பாதி அவளுக்கு, அவளுடையதில் பாதி எனக்கு. என் மாமியார் சண்டை, என் மகளின் மார்க், என் முட்டி வலி எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றே ஒன்றைத்தான் அவளிடம் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அதையும் சொன்னேன்.

எங்கள் பக்கத்துத் தாவரவியல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிராக்டிகல் பரீட்சைக்குப் பச்சையாகச் செடி வேண்டும். வெளியிலிருந்து வரும் பரிசோதகர் முன்னால் பிள்ளைகள் அதைப் பிளேடால் சீவி மைக்ராஸ்கோப்பில் காட்ட வேண்டும். பாட்டிலில் ஊறிய பழைய செடியை வைத்தால் அவர் முகம் சுளிப்பார். நல்ல பச்சைச் செடியாக, அதுவும் குடை விரித்த பெண் செடியாக வைத்தால், “எங்கன புடிச்சீக?” என்று கேட்பார். யாரும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். “மலையில” என்பார்கள். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். போடிக்காரருக்கு ஓர் இடம், லோயர் கேம்ப் பக்கம் போகிறவருக்கு ஓர் இடம். ரிட்டயர் ஆன பிறகும் வாயைத் திறக்காதவர்களை எனக்குத் தெரியும்.

என் இடம் மேகமலைச் சாலையில் ஒரு வளைவு. எத்தனையாவது வளைவு என்று இப்போதும் சொல்லப் போவதில்லை. ஆள் உயரத்துக்குமேல் ஒரு பாறைச் சுவர், கோடையிலும் கசிந்துகொண்டே இருக்கும். அதில் பாய் விரித்த மாதிரி மார்கான்ஷியா. ஆண் செடிகள் ஒரு பக்கம், பெண் செடிகள் ஒரு பக்கம். இந்தச் செடியில் இரண்டும் தனித்தனி ஆள்கள். ஆணுக்குக் காம்பின் மேல் ஒரு தட்டு, பெண்ணுக்குக் கம்பி கம்பியாகப் பிரிந்த ஒரு குடை. அது போக, தாலஸின் மேலேயே சின்னக் கிண்ணங்கள் இருக்கும். உள்ளே கடுகைவிடச் சிறிய பச்சைத் துணுக்குகள். மழைத்துளி ஒன்று கிண்ணத்தில் விழுந்தால் தெறித்துப் போய் விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். விதையும் வேண்டாம், ஜோடியும் வேண்டாம்.

அந்தச் சுவரைத்தான் என் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை போய் அளப்பேன். இந்த உடம்பு வளர்கிற விதம் விசித்திரமானது. நுனியில் ஒரு பள்ளம், அதில்தான் வளர்ச்சி. வளர்ந்து வளர்ந்து இரண்டாகக் கவைவிடும். அதே சமயம் பின்பக்கம் மக்கிக்கொண்டே வரும். மக்கல் கவைவரை வந்து சேர்ந்ததும், இரண்டு கிளையும் தனித்தனிச் செடி. அது எத்தனை நாளில் நடக்கிறது, கசிவு கூடினால் என்ன, குறைந்தால் என்ன, இதுதான் என் கேள்வி. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அது ஆறு வருஷ வாழ்க்கை. எங்கள் துறையில் சேரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள், இருக்கும் இரண்டு ஆசிரியைகளில் ஒருத்தியை அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சும் இருந்தது. பட்டம் கையில் இருந்தால் என்னை அசைக்க முடியாது என்று நம்பினேன்.

மூன்றாம் வருஷம் அவளைச் சுவருக்கு அழைத்துப் போனேன். தனியாக அளக்க முடியவில்லை என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று இருந்தது. அவள் சுவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். அதற்காகவே அவளை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

அலுமினியத் தகட்டை நகத்தளவு வெட்டி, ஆணியால் எண் குத்தி, பாறை இடுக்கில் கம்பியால் செருகி வைப்போம். மொத்தம் நாற்பது. எண் குத்தியதெல்லாம் அவள்தான். ஆய்வகப் படியில் உட்கார்ந்து ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு இரண்டு மதியம் தட்டினாள். ஏழு எழுதும்போது நடுவில் ஒரு கோடு போடுவாள். எந்த எண்ணுக்கு எதிரே எந்தச் செடி என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் எப்போதும் நுனித் துண்டை மட்டும் பிளேடால் அரிவேன், பின்பக்கத்தைப் பாறையிலேயே விட்டுவிடுவேன், கிண்ணத்துத் துணுக்குகளைத் தண்ணீர் தெளித்துச் சுவரிலேயே கழுவி விடுவேன். “கோழிய அறுக்காம முட்டைய எடுக்கிறதுக்கா” என்று கேலி செய்தபடியே அவளும் அப்படித்தான் அரிந்தாள்.

காட்டுக்குள் ஒரு புல்லைப் பிடுங்கவும் அனுமதி வேண்டும். வனத்துறையிடம் அலைந்து ஒரு கடிதம் வாங்கியிருந்தேன். ஆராய்ச்சிக்காகச் சிறிய அளவில் எடுத்துக்கொள்ளலாம் என்று என் பெயர் போட்ட கடிதம். செக்போஸ்ட்டில் காட்டி ரிஜிஸ்டரில் எழுதினால்தான் மேலே விடுவார்கள். அதன் நகல் ஒன்று துறை ஃபைலில் இருந்தது. எந்த ஃபைல், எந்த அலமாரி என்பதையும் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். நான்தான் கதவில்லாத வீடாயிற்றே.

கடைசி வருஷம் ஒரு கோடை அளவு மட்டும் பாக்கி இருந்தது. காலக்கெடு முடிந்துவிட்டதால் நீட்டிப்புக் கேட்க மதுரையில் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த வாரம் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. ஆய்வுக் குழு வருகிறது என்றால் கல்லூரிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சுவருக்கு வெள்ளை, தேன்கூட்டைக் கலைக்க ஆள், நர்சரியிலிருந்து வாடகைக்குக் குரோட்டன்ஸ் தொட்டிகள். இந்த நேரத்தில் லீவு போடத் தயங்கினேன். “போயிட்டு வாங்கக்கா, இங்கன நான் பாத்துக்குறேன்” என்றாள். பஸ் ஸ்டாண்ட் வரை வந்து, சீட்டில் துண்டு போட்டு, தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தாள்.

நீட்டிப்புக் கிடைத்துவிட்டது. அவளுக்குத்தான் முதலில் போன் செய்தேன். எடுக்கவில்லை.

திங்கள்கிழமை கல்லூரிக்குள் நுழைந்ததும் எங்கள் துறை வாசலில் பச்சை நிழல்வலைப் பந்தல். உள்ளே பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு இருபத்திரண்டு டிரே. ‘மேகமலை ஈரல் செடிப் பூங்கா’ என்று ஃப்ளெக்ஸ். டிரேக்களில் மார்கான்ஷியா, மண்ணோடு பாளம் பாளமாக. பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து விரித்திருந்தார்கள். நல்லதையே நினைத்தேன். எங்கிருந்தோ வேறு இடத்திலிருந்து கொண்டுவந்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். நுனிகளில் நேராக வெட்டிய தடம் தெரிந்தது. என் பிளேடின் தடம்.

என் மேஜை மேல் ஒரு கவர் இருந்தது. உள்ளே நாற்பது தகடுகளும் இருந்தன. கழுவி, துடைத்து, ஒன்றிலிருந்து நாற்பது வரை வரிசையாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். தெரியாமல் செய்துவிட்டாள் என்று நினைக்க எனக்கிருந்த ஒரே வழியையும் அந்த ரப்பர் பேண்ட் அடைத்துவிட்டது. ஒவ்வொன்றாக உருவியிருக்கிறாள். ஒவ்வொரு எண்ணையும் பார்த்திருக்கிறாள்.

மதியம் சாப்பிடும் நேரத்தில் அவளைப் பிடித்தேன். அவள் டிபனைத் திறக்கவில்லை.

“கமிட்டிக்குப் புதுசா எதயாச்சும் காட்டணும்னு ஹெச்.ஓ.டி. ஒத்தக் கால்ல நிக்கிறாக. நான் என்னக்கா செய்ய?”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா குடுத்திருப்பீகளா?”

கொடுத்திருக்க மாட்டேன்தான். ஆனால் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தே ஒரு பொருளை எடுப்பதற்கு எங்கள் ஊரில் வேறு பேர் இருக்கிறது. அதையும் அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் அழுதாள். அழுகையைப் பார்த்ததும் பழக்க தோஷம், கை என் கர்ச்சீப்பைத் தேடியது. அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த நாள் மேலே போனேன். சுவர் அம்மணமாக நின்றது. மண்வெட்டியால் வழித்த கீறல்கள், கீழே சேறு. அந்தக் கசிவில் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் எஸ்டேட் லயத்து வீட்டில் குடியிருக்கும் அம்மா ஒருவர் உண்டு. என்னை வருஷக்கணக்காகப் பார்ப்பவர். குடத்தை இறக்கிவிட்டு அவர்தான் விவரம் சொன்னார்.

“ஒங்க கூட வருவாகளே, அந்த டீச்சரு வந்தாக. புள்ளைகளயும் வேன்ல ஏத்திக்கிட்டு வந்து, காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் சொரண்டுனாக. ஏன்த்தா மொத்தத்தையும் எடுக்குறீகன்னு கேட்டேன். நீங்கதான் எடுத்துட்டு வரச் சொன்னதா சொன்னாக.”

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். இவள் மண்வெட்டியோடு வந்து என் பெயரைச் சொல்லிப் பறித்திருக்கிறாள்.

ஆய்வுக் குழு வந்தது, பார்த்தது, கைதட்டியது. படம் பத்திரிகையில் வந்தது. டிரேக்களுக்குப் பின்னால் துறைத் தலைவர், பக்கத்தில் பட்டுப் புடவையில் அவள். பங்குனி வெயில். நிழல்வலையும் ஸ்பிரேயரும் மலைக் கசிவுக்கு ஈடாகுமா? குழு போன பிறகு தண்ணீர் தெளிக்கவும் ஆளில்லை. விளிம்பு பழுப்பானது, சுருண்டது, பத்தே நாளில் அப்பளத் தூள் மாதிரி ஆனது. நான் தினமும் அந்தப் பந்தலைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன். லென்ஸ் வைத்துப் பார்க்காமலே எனக்குத் தெரியும், கடைசிவரை அத்தனை துளையும் திறந்தேதான் இருந்திருக்கும்.

அந்தப் படத்தை வனத்துறையிலும் பார்த்தார்கள். செக்போஸ்ட் ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். கடித எண் என்னுடையது, பெயர் என்னுடையது, பெயருக்குப் பக்கத்தில் ‘for’ போட்டு அவள் கையெழுத்து. என்னை ரேஞ்ச் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நான் போகவில்லை என்றேன். “எடுத்தவங்க எழுதிக் குடுக்கட்டும் மேடம், நான் பாத்துக்கிறேன். இல்லேன்னா இந்த லெட்டரை நான் எப்படிப் புதுப்பிக்க?” என்றார். நியாயம்தான். ஒரே ஒரு வரி வேண்டியிருந்தது. அந்த வரி இருந்தால் சுவர் மறுபடி தழைக்கும்வரை காத்திருந்தாவது என் வேலையை முடித்துவிடுவேன்.

அவள் வீட்டுக்கே போனேன். காபி கொடுத்தாள். சர்க்கரை எனக்கு எவ்வளவு என்று கேட்காமலே சரியாகப் போட்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். காகிதத்தையும் நானே கொண்டுபோயிருந்தேன். நேரம் எடுத்துப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“எழுதிக் குடுத்தா எனக்கு வேலை போயிரும்க்கா. ஒங்களுக்குப் போறது பாசிதானே.”

எட்டு வருஷத்தில் யாரெல்லாமோ பாசி என்று சொல்லியிருக்கிறார்கள். கண்டக்டர் சொல்லியிருக்கிறார், மாமியார் சொல்லியிருக்கிறார், பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். அவள் சொன்னதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவள் அவள். காபியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். காறித் துப்பிவிட்டு வந்திருக்கலாம் என்று பஸ்ஸில் தோன்றியது. எனக்கு எப்போதும் பஸ்ஸில்தான் எல்லாம் தோன்றும்.

கடிதம் புதுப்பிக்கப்படவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் தலைப்பை மாற்றிக்கொள்ளச் சொன்னார். நான் இன்னும் மாற்றவில்லை. ஆளை அனுப்பும் பேச்சு என்னவோ அடங்கிவிட்டது. ஆய்வகப் பொறுப்பு அவளுக்குப் போனது. பஸ்ஸில் நான் முன்பக்கம் டிரைவருக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தேன். அவள் கொஞ்ச நாள் ஜன்னலோரத்தை வைத்திருந்து பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

அந்தத் தகடுகளைத் தூக்கி எறிய மனசில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். ஒருநாள் கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தபோது, பதினேழாம் எண் தகட்டின் பின்பக்கம் மட்டும் சரியாகக் கழுவப்படாமல் இருந்தது. ஏழுக்கு நடுவில் கோடு போட்ட தகடு. பின்னால், கம்பி முறுக்கிய இடத்தில், நகக்கண் அழுக்களவு மண். பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை. ஒரு தயிர்ச் சட்டியில் செங்கல் பொடியும் மண்ணும் போட்டு, அந்த அழுக்கை ஊசியால் சுரண்டி வைத்து, கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டியின் சொட்டுக் குழாய்க்குக் கீழே வைத்தேன். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நாலாவது வாரம் ஒரு பச்சைப் புள்ளி. ஏதோ ஒரு கிண்ணத்திலிருந்து தெறித்த துணுக்கு ஒன்று அத்தனைக்கும் தப்பி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஆடிக் காற்றுக்குள் அது கவைவிட்டது. ஐப்பசிக்குள் சட்டி நிறைந்துவிட்டது. மேலே கிண்ணங்கள், கட்டம் கட்டமாகப் புள்ளிகள். வீட்டில் யாரிடமும் அது என்ன என்று நான் சொல்லவில்லை. கேட்ட மகளிடம் பாசி என்றேன்.

பிராக்டிகல் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பஸ்ஸில் அவள் எழுந்து முன்பக்கம் வந்தாள். என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. உட்காரலாமா என்று கேட்காமல் உட்கார்ந்தாள். மாதக்கணக்கில் நாங்கள் வேலை விஷயம் தவிரப் பேசியதில்லை.

“அக்கா, எக்ஸ்டர்னல் வாராக. ஒரு துண்டு கூட இல்ல. மேல இப்ப நம்ம காலேஜ் பேரச் சொன்னாலே விடமாட்டேங்கிறாக. ஒங்களுக்கு எங்கனயாச்சும் தெரியுமா? ஒரு நாலு துண்டு போதும். புள்ளைக பாவம்க்கா.”

பிள்ளைகள் பாவம்தான். அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. என் மடியில் பை இருந்தது. பைக்குள் டிபனுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவில் ஈரப் பஞ்சில் ஆறு துண்டு. பிள்ளைகளுக்காகத்தான், நானே ஆய்வகத்தில் வைத்துவிடலாம் என்று காலையில் அரிந்து எடுத்து வந்திருந்தேன்.

“இல்லத்தா” என்றேன். “தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள். எட்டு வருஷமாக எதையும் ஒளிக்காத ஆள் சொல்கிறாள், ஏன் நம்ப மாட்டாள்? “அதுவுஞ் சரிதான்க்கா” என்று எழுந்து தன் சீட்டுக்குப் போனாள். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. வாய் குழறும், அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எச்சில் விழுங்குவது போல வந்துவிட்டது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். போயிட்டு வாங்கக்கா, இங்கன நான் பாத்துக்குறேன் என்று அன்றைக்குச் சொன்னபோது, அவளுக்கும் இவ்வளவு சுலபமாகத்தான் வந்திருக்கும்.